நைஜீரியாவில் எண்ணெய்க் கசிவு, லண்டனில் வழக்கு: காலவரம்பு எந்த நாட்டுக் கணக்கு?

பொருநைக்கரை கேட்டது:

எல்லை தாண்டிய மாசு வழக்குகளில் காலவரம்பும் (வழக்குப் போடச் சட்டம் தரும் கெடு) அதிகார வரம்பும் (எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது) ஒன்றோடொன்று எப்படிச் சிக்கிக்கொள்கின்றன என்பதைப் போங்கா வழக்கை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

2011 டிசம்பர் 20 அன்று, நைஜீரியக் கரையிலிருந்து சுமார் 120 கி.மீ. தள்ளி, போங்கா மிதவை எண்ணெய்க் கிடங்கிலிருந்து நார்தியா என்ற டேங்கருக்குக் கச்சா எண்ணெய் ஏற்றும்போது சுமார் 40,000 பேரல் கடலில் கொட்டியது. கரையோரத்தைச் சேர்ந்த 27,800-க்கு மேற்பட்ட தனிநபர்களுக்கும் 457 கிராமச் சமூகங்களுக்குமாக இருவர் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். தேதி 2017 டிசம்பர் 13. கசிவு நடந்து ஆறு ஆண்டு நிறைய ஒரு வாரமே பாக்கி. 2023 மே 10 அன்று இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எனக்குப் புரியாதவை மூன்று. லண்டனில் வழக்குப் போட்டால் லண்டன் காலவரம்புதானே ஓட வேண்டும், நைஜீரியச் சட்டம் ஏன் உள்ளே வருகிறது? எண்ணெய் இன்னும் அலையாத்திக் காட்டிலும் நீர்நிலையிலும் கிடக்கிறது என்பது வாதிகள் தரப்பு. அப்படியானால் ஒவ்வொரு நாளும் புதிய வழக்கு மூலம் (வழக்குப் போடும் உரிமை தரும் காரணம்) பிறக்காதா? கடைசியாக, காலவரம்பு என்பது பிரதிவாதி எழுப்பும் தற்காப்பு. அதிகார வரம்புக் கட்டத்திலேயே அதைப் பிடித்துத் தொங்கியது ஏன்?

---

கடல்வழக்கு எழுதியது:

மூன்றாவது கேள்வியில்தான் முடிச்சு இருக்கிறது, அதையே முதலில் அவிழ்ப்போம்.

இந்த வழக்கில் முக்கியமான பிரதிவாதிகள் இருவர், இரண்டுமே ஷெல் எண்ணெய்க் குழுமத்தின் நிறுவனங்கள். ஸ்டாஸ்கோ இங்கிலாந்து நிறுவனம், நார்தியா கப்பலை இயக்கியது. ஸ்நெப்கோ நைஜீரிய நிறுவனம், போங்கா கிடங்கை நடத்தியது. இங்கிலாந்து நிறுவனத்தை இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு இழுக்கத் தனி அனுமதி வேண்டாம். நைஜீரிய நிறுவனத்தை இழுக்க வேண்டுமானால், 'இங்கே ஏற்கெனவே ஒரு பிரதிவாதிமேல் உண்மையான வழக்கு இருக்கிறது, அதில் இவரும் தேவையான அல்லது பொருத்தமான தரப்பு' என்று காட்ட வேண்டும். உள்ளூர்ப் பிரதிவாதியை நங்கூரப் பிரதிவாதி என்பார்கள். நங்கூரம் அறுந்தால் வெளிநாட்டுப் பிரதிவாதியும் கைநழுவிப் போவார்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 2017 டிசம்பரில் தாக்கலான வழக்குப் படிவத்தில் ஸ்டாஸ்கோ பெயர் இல்லை. ஷெல் குழுமத்தின் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதை மாற்றி ஸ்டாஸ்கோவைக் கொண்டுவந்தது 2018 ஏப்ரலில், அதாவது கசிவு நடந்து ஆறு ஆண்டு கடந்த பிறகு. 2019-இல் மேலும் திருத்த மனுக்கள் வந்தன. அங்கே ஒரு திருத்தம் அனுமதிக்கப்பட்டால் அது மூல வழக்கு தாக்கலான நாளிலேயே நடந்ததாகக் கொள்ளப்படும். அதனால்தான் கெடு முடிந்தபின் புதிய தரப்பைச் சேர்ப்பதை 1980-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் காலவரம்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. பெயரில் நேர்ந்த உண்மையான பிழை போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு.

ஆகவே ஸ்டாஸ்கோமேல் உள்ள கோரிக்கை காலாவதியா என்ற கேள்விதான், ஸ்நெப்கோமேல் அதிகார வரம்பு உண்டா என்ற கேள்வியையும் தீர்மானித்தது. நம் ஊர் உரிமையியல் வழக்கில் உத்தரவு 7 விதி 11(ஈ)-இன் கீழ் பிராதைத் தள்ளுபடி செய்யக் கேட்கும்போதுகூட 'இது சட்டமும் சங்கதியும் கலந்த கேள்வி, சாட்சியம் எடுத்துப் பார்ப்போம்' என்று தப்பலாம். எல்லை தாண்டிய வழக்கில் அந்த இடைவெளி மிகவும் குறைவு.

முதல் கேள்விக்கு வருகிறேன். ரோம் 2 என்ற ஐரோப்பிய ஒழுங்குமுறை 2009 ஜனவரி 11 முதல் நடைமுறையில் இருக்கிறது, பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் இங்கிலாந்து அதைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. எந்த நாட்டுச் சட்டம் தீங்கியலுக்கு (இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் உரிமைக்கு) பொருந்துமோ அதே சட்டம்தான் காலவரம்பையும் ஆளும் என்று அதன் 15-ஆம் உறுப்பு சொல்கிறது. சேதம் நைஜீரியாவில், எனவே கடிகாரமும் நைஜீரியாவுடையது. வழக்குப் படிவம், சார்வு (அதைப் பிரதிவாதியிடம் சேர்ப்பிப்பது), திருத்தம் எல்லாம் லண்டன் விதி. பலரும் வழுக்குவது இங்கேதான்: ஒரே வழக்கில் இரண்டு நாட்டுச் சட்டங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

இதில் ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. சுற்றுச்சூழல் சேதத்துக்கு மட்டும் ரோம் 2-இன் 7-ஆம் உறுப்பு வாதிக்குத் தெரிவு தருகிறது: சேதம் விழுந்த நாட்டின் சட்டம், அல்லது சேதத்தை உண்டாக்கிய செயல் நடந்த நாட்டின் சட்டம். இந்தச் சிந்தனையின் வேர் 1976 நவம்பர் 30 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ரைன் நதி வழக்கில் தந்த தீர்ப்பு. பிரான்ஸில் அல்சாஸ் பொட்டாஷ் சுரங்கம் உப்பை ஆற்றில் விட்டது, நெதர்லாந்தில் நாற்றங்கால் நடத்தியவர்களுக்குச் சேதம். உப்பு விட்ட இடத்திலும் வழக்குப் போடலாம், பயிர் கெட்ட இடத்திலும் போடலாம், எது என்பது வாதியின் விருப்பம் என்றது அந்தத் தீர்ப்பு. அது அதிகார வரம்பு பற்றியது, 7-ஆம் உறுப்பு சட்டத் தெரிவு பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தாய் நிறுவனத்தின் தலைமையக முடிவுதான் சேதத்துக்குக் காரணம் என்று காட்ட முடிந்தால், நைஜீரியாவின் கெடுவுக்குப் பதில் இங்கிலாந்தின் கெடுவைத் தேர்ந்தெடுக்க இந்த உறுப்பு வாசல் திறக்கிறது.

---

மணல்மேடு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான்.

உச்ச நீதிமன்றத்தில் பர்ரோஸ் பிரபு எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான். தொல்லை என்பது ஒருவர் தன் நிலத்தை அனுபவிப்பதற்கு இடைஞ்சல் செய்யும் தீங்கு. தொடரும் தொல்லை என்றால் பிரதிவாதியின் செயல், அல்லது பிரதிவாதியின் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் ஒரு நிலைமை, திரும்பத் திரும்ப அல்லது இடைவிடாமல் வாதியின் நிலத்தைப் பாதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் புகை கக்கும் ஆலை, பக்கத்து மனையிலிருந்து வேர் நீட்டிக்கொண்டே இருக்கும் மரம், இவை அந்த வகை. போங்காவில் கசிவு ஒரே நிகழ்வு, சில மணி நேரத்தில் நிறுத்தப்பட்டது. எண்ணெய் ஒரு நிலத்தைத் தொட்ட அன்றே அந்த நிலத்துக்கான வழக்கு மூலம் முழுமை அடைந்துவிட்டது. அதன்பின் எண்ணெய் அங்கேயே கிடப்பது அந்தச் சேதத்தின் நீட்சி, புதிய தீங்கு அல்ல.

வாதிகள் சொல்வதை ஏற்றால், ஒருமுறை வெள்ளத்தில் மூழ்கிய நிலத்தில் தண்ணீர் வடியாமல் ஆயிரம் நாள் நின்றால் ஆயிரம் நாளும் கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்; தொல்லை என்ற தீங்கு 'சுத்தம் செய்யாத குற்றம்' என்று உருமாறிவிடும் என்பது நீதிமன்றத்தின் கவலை.

நமக்கு இது புதிதல்ல. நம் 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் தொடரும் தீங்குக்குக் கணந்தோறும் புதிய காலவரம்பு தருகிறது. ஆனால் பாலகிருஷ்ண சாவல்ராம் வழக்கில் 1959-லேயே நம் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தில் இதற்கு இணையான பிரிவை வைத்துக் கோடு கிழித்துவிட்டது: தீங்கு முழுமை அடைந்துவிட்டால், அதன் விளைவு நீடிப்பதால் மட்டும் அது தொடரும் தீங்கு ஆகாது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டத் தர்க்கம் சரி. ஆனால் எண்ணெயை அகற்றும் பலம் பிரதிவாதியிடம் மட்டுமே இருக்க, கரையோர மீனவர்மேல் கடிகாரத்தை ஓட விடுவது கனமான முடிவு. அதனால்தான் கோரிக்கையை வரையும்போது தொல்லையோடு நிற்கக் கூடாது. நைஜர் டெல்டாவின் ஓகாலே, பில்லே சமூகங்களின் வழக்கில் 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் முதற்கட்டச் சட்டக் கேள்விகளைத் தீர்மானித்தபோது, நைஜீரியச் சட்டப்படி நிலத்தில் எண்ணெய் கிடக்கும்வரை அத்துமீறல் (பிறர் நிலத்தில் அனுமதியின்றி நுழைவது) என்ற வகையில் நாள்தோறும் புதிய வழக்கு மூலம் எழக்கூடும் என்று ஏற்றது. அத்துமீறலுக்குக் கூறுகள் வேறு, நிரூபணச் சுமையும் வேறு, எல்லாக் கசிவுக்கும் பொருந்தாது. ஆனால் தொல்லை, கவனக்குறைவு, அத்துமீறல் மூன்றையும் பிராதில் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் அதன் தேதியோடு எழுதாதவர்கள் இந்த வாய்ப்பைத் தாங்களே மூடிவிடுகிறார்கள்.

இன்னொன்று. 27,800 பேருக்கும் ஒரே பிரதிநிதி வழக்கு என்ற வடிவமும் போங்காவில் நிற்கவில்லை. எந்த நிலத்தை எந்தத் தேதியில் எண்ணெய் தொட்டது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே 'ஒரே நலன்' இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. காலவரம்புக் கேள்வி வழக்கின் வடிவத்தையும் உடைக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

---

பொருநைக்கரை எழுதியது:

மிக்க நன்றி சார், இருவருக்கும். பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் யார் என்றே தெரியாமல் கெடு முடிந்துவிட்டால்? கடலுக்கு அப்பால் நடந்த கசிவு என்றால் அது சாத்தியம்தானே. அப்புறம் பிரெக்ஸிட்டுக்குப் பிறகு லண்டன் கதவு இன்னும் திறந்திருக்கிறதா?

---

திமோர்நீர் எழுதியது:

முதல் கேள்விக்கு மொண்டாரா வழக்கைப் படியுங்கள். எல்லை தாண்டிய மாசு என்பதற்கு இதைவிட நேரடியான வழக்கு கிடைப்பது அரிது.

2009 ஆகஸ்ட் 21 அன்று திமோர் கடலில், ஆஸ்திரேலிய நீர்ப்பரப்பில், மொண்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்தது. பத்து வாரத்துக்கு மேல் எண்ணெய் கொட்டியது. இந்தோனேசியாவின் ரோட்டே தீவு, குப்பாங் பகுதிகளில் கடற்பாசி வளர்த்து வாழ்ந்த 15,000-க்கு மேற்பட்டவர்களின் பயிர் அழிந்தது. ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குழு வழக்குத் தாக்கலானது 2016 ஆகஸ்டில். கிணறு இருந்த இடத்துக்குப் பொருந்தியது வடக்கு ஆட்சிப்பகுதிச் சட்டம், அதன்படி கெடு 3 ஆண்டு. அதாவது வழக்கு வந்தபோது கெடு முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்தச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு கைகொடுத்தது. வழக்குக்கு முக்கியமான சங்கதி ஒன்று, கெடு முடியும் தறுவாயிலோ முடிந்த பின்போதான் வாதிக்குத் தெரியவந்தது, தெரிந்த 12 மாதத்துக்குள் வழக்குப் போட்டார் என்றால் நீதிமன்றம் கெடுவை நீட்டலாம். 2021 மார்ச்சில் முதன்மை வாதியான பாசி விவசாயிக்குக் கெடு நீட்டிக்கப்பட்டு, இழப்பீட்டுக்கும் தீர்ப்பு கிடைத்தது. 2022 நவம்பரில் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது: 'தெரியவந்த தேதி' என்ற சலுகை எல்லா நாட்டுச் சட்டத்திலும் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்துச் சட்டத்தின் 14ஏ பிரிவு கவனக்குறைவு வழக்கில் மறைந்திருந்த சேதத்துக்கு, தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு தருகிறது, அதற்கும் 15 ஆண்டு உச்சவரம்பு உண்டு. ஆனால் பொருந்தும் சட்டம் இங்கிலாந்துடையதாக இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். எந்த நீதிமன்றம் என்று முடிவெடுக்கும் முன்பே எந்தச் சட்டம், அதில் தெரிந்த தேதிச் சலுகை உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

---

கடல்வழக்கு எழுதியது:

பிரெக்ஸிட் பற்றி. 2020 இறுதிவரை தொடுத்த வழக்குகளில், இங்கிலாந்தில் நிலைகொண்ட நிறுவனத்தை இங்கிலாந்து நீதிமன்றம் 'வேறு நாட்டுக்குப் போ' என்று திருப்பி அனுப்ப முடியாது. ஐரோப்பிய விதி அப்படி. அதன்பின் தொடுத்த வழக்குகளில் பொருத்தமான மன்றம் எது என்ற பழைய கோட்பாடு திரும்பிவிட்டது. எனவே இப்போது உள்ளூர்ப் பிரதிவாதியும் 'இதை நைஜீரியாவில் விசாரிக்கட்டும்' என்று கேட்கலாம்.

கதவு மூடிவிட்டதா என்றால் இல்லை. வேதாந்தா வழக்கில் 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் உயிரோடு இருக்கிறது. தூத்துக்குடி ஸ்டெர்லைட்டால் நமக்குத் தெரிந்த அதே வேதாந்தாதான். ஜாம்பியாவின் சிங்கோலாவில் நிச்சாங்கா தாமிரச் சுரங்கம் ஆற்றைக் கெடுத்தது என்று 1,826 பேர் தொடுத்த வழக்கு. இயல்பான மன்றம் ஜாம்பியாதான் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அவ்வளவு பெரிய வழக்கை நடத்தப் பணவசதி, அனுபவமுள்ள வழக்கறிஞர் குழு இரண்டும் அங்கே கிடைக்காது, எனவே கணிசமான நீதி கிடைக்காது என்பதால் லண்டனிலேயே வைத்துக்கொண்டது. இதற்குச் சாட்சியம் வேண்டும், 'அங்கே நீதி கிடைக்காது' என்ற வெறும் வாக்கியம் போதாது. வாதிகளின் வருமானம், அந்த நாட்டில் வெற்றிக் கட்டண ஒப்பந்தம் (வென்றால் மட்டும் வழக்கறிஞருக்குக் கட்டணம்) செல்லுமா, சட்ட உதவி உண்டா, நிபுணர் செலவு எவ்வளவு, இதெல்லாம் பிரமாண வாக்குமூலமாகப் போக வேண்டும்.

திருப்பி அனுப்பப்படும் நிலை வந்தால் நிபந்தனை கேளுங்கள். போபால் வழக்கில் 1986 மே 12 அன்று நியூயார்க் நீதிபதி கீனன் வழக்கை இந்தியாவுக்கு அனுப்பியபோது, யூனியன் கார்பைடு இந்திய நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்க வேண்டும், காலவரம்புத் தற்காப்பைக் கைவிட வேண்டும் என்று விதித்தார். 1987-இல் மேல்முறையீட்டிலும் அந்த நிபந்தனை நின்றது. இங்கிலாந்திலும் இப்படிக் கேட்கலாம், ஆனால் உள்ளூரில் கெடுவைத் தவறவிட்டதில் வாதியின் நடத்தை நியாயமானதா என்று பார்ப்பார்கள். இந்தியச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தவறான மன்றத்தில் நல்லெண்ணத்தோடு செலவழித்த காலத்தைக் கழித்துத் தருகிறது. எல்லா நாட்டிலும் அப்படி இருக்கும் என்று நம்பி லண்டனில் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூடாது. இரண்டு இடத்திலும் பாதுகாப்புக்காக ஒரு வழக்கைத் தாக்கல் செய்துவைத்து, ஒன்றை நிறுத்திவைக்கக் கேட்பதே பத்திரமான வழி.

உள்ளூர் மன்றத்தையும் சரியாகப் பிடிக்க வேண்டும். நைஜீரிய அரசியலமைப்பின் 251-ஆம் பிரிவு எண்ணெய் வயல் சார்ந்த வழக்குகளைக் கூட்டாட்சி உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே தருகிறது. மாநில உயர் நீதிமன்றத்தில் போட்டால் ஆண்டுக்கணக்கில் நடந்தபின்னும் அதிகாரம் இல்லை என்று விழும், அதற்குள் கெடுவும் போயிருக்கும்.

---

பருத்தித்துறை எழுதியது:

கப்பல் என்றால் கணக்கு வேறு, அதைத் தனியாகச் சொல்ல வேணும். டேங்கர் எண்ணெய்க்கு 1992-ஆம் ஆண்டுப் பொறுப்புச் சமவாயம் (நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம்): சேதம் நடந்து 3 ஆண்டு, ஆனால் எப்படியும் சம்பவம் நடந்து 6 ஆண்டுக்குப் பிறகு இல்லை. தொடர் சம்பவம் எண்டால் முதலாவது நாளிலிருந்து 6 ஆண்டு. சேதம் நடந்த உறுப்பு நாட்டு நீதிமன்றத்துக்கு மட்டுமே நியாயாதிக்கம் (அதிகார வரம்பு). கப்பலின் எரிபொருள் எண்ணெய்க்கு 2001 சமவாயத்திலும் அதே 3, 6.

2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல். அது கொட்டிய பிளாஸ்டிக் குருணைகள் இந்த இரண்டிலும் வராது. அதனால்தான் வழக்குகள் சிதறின. இலங்கை அரசு 2023 ஏப்ரலில் சிங்கப்பூரில் வழக்குப் போட்டது. கப்பல் உரிமையாளர் தரப்பு லண்டனில் கடல்சார் வழக்குகளுக்கான அட்மிரால்டி நீதிமன்றத்தில் தங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பு கேட்டுப் போனது. உள்ளூரில் அடிப்படை உரிமை மனு வேறு பாதை: அரசியலமைப்பின் 126-ஆம் உறுப்புப்படி ஒரே மாதம்தான் கெடு. அந்த மனுக்களில்தான் 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் (இந்தியத் தமிழில் உச்ச நீதிமன்றம்) 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. ஆக மிகக் குறுகிய கெடு எதுவோ அதைத்தான் முதலில் பிடிக்க வேணும்.

---

மணல்மேடு எழுதியது:

தம்பி கேட்கும் முன்பே நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், ஆய்வுக் கட்டுரைக்கும் பயன்படும்.

முதல் வேலை தேதி அட்டவணை. கசிவு தொடங்கிய நாள், நின்ற நாள், ஒவ்வொரு நிலத்தையும் எண்ணெய் தொட்ட நாள், காரணம் தெரிந்த நாள். இவற்றுக்கு எதிரே பொருந்தக்கூடிய ஒவ்வொரு நாட்டின் கெடுவும். வருகிற தேதிகளில் மிக முந்தையதை வழக்கின் கடைசி நாளாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தொட்ட நாளை நிரூபிக்க மீனவர் வாக்குமூலம் மட்டும் போதாது. நைஜர் டெல்டாவில் உடைந்த குழாய், கள்ளச் சுத்திகரிப்பு என்று பல மூலங்களின் எண்ணெய் ஒரே சேற்றில் கலந்து கிடக்கும். ஷெல் தரப்பும் போங்கா எண்ணெய் கரையை எட்டவில்லை என்றே வாதிட்டது. செயற்கைக்கோள் படம், நீரோட்ட மாதிரி, கூட்டு ஆய்வு அறிக்கை, அதோடு எண்ணெயின் வேதியியல் கைரேகை. கைரேகைக்கு ஹோப்பேன், ஸ்டெரேன் சேர்மங்களின் விகிதத்தைப் பார்ப்பார்கள். வெயிலிலும் அலையிலும் லேசான சேர்மங்கள் பறந்துபோனாலும் இவை நெடுநாள் நிற்கும். மாதிரியைப் பிளாஸ்டிக் புட்டியில் எடுத்தால் கெட்டது: பிளாஸ்டிக்கின் சேர்மங்கள் மாதிரியில் கலக்கும், எண்ணெயும் சுவரில் ஒட்டும். பழுப்புக் கண்ணாடிப் புட்டி, டெஃப்லான் உள்ளிட்ட மூடி, சுமார் 4 டிகிரி குளிர், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து, நேரம். கசிவு மூலத்தின் எண்ணெய் மாதிரியும் கூடவே வேண்டும், ஒப்பிட எதுவும் இல்லாத மாதிரியால் பயனில்லை.

அடுத்தது பிரதிவாதி பெயர். கம்பெனிப் பதிவேட்டில் அந்தத் தேதியில் கப்பலை இயக்கியது யார், உரிமம் யார் பெயரில், பாதுகாப்புக் கொள்கை வகுத்தது யார் என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் எல்லோரையும் முதலிலேயே சேர்க்க வேண்டும். பிறகு ஒருவரை நீக்குவது எளிது. கெடு முடிந்தபின் சேர்ப்பதுதான் கடினம், போங்காவில் நடந்தது அதுதான்.

லண்டனில் படிவம் தாக்கலானதும் கெடு நிற்கும். இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் கட்டணத்தின் உச்சம் 10,000 பவுண்ட். ஆனால் படிவத்தை உள்நாட்டில் 4 மாதத்துக்குள், வெளிநாட்டில் 6 மாதத்துக்குள் சார்வு செய்ய வேண்டும். தவறினால் வழக்கே போய்விடும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்றால் கெடுவை நிறுத்திவைக்கும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதில் குழுமத்தின் பெயர் அல்ல, ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரும் தனித்தனியே கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

பிரதிவாதி பக்கம் நிற்பவர்களுக்கும் கெடு உண்டு. அதிகார வரம்பை மறுக்க வேண்டுமானால், ஆஜர் ஒப்புகை (வழக்கு ஆவணம் கிடைத்ததை ஒப்புக்கொள்ளும் படிவம்) தாக்கல் செய்து பொதுவாக 14 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தவறினால் அதிகார வரம்பை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும்.